ஃபங்ஷன் முடிந்துவிட்டது, பட்டியல் போகவில்லை

"ஃபங்ஷன் முடிந்ததும் அதற்குள் இருந்த வேரியபிள்கள் அழிந்துவிடும்." புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட் சொல்லிக்கொடுக்கும்போது வெள்ளைப் பலகையில் நான் பலமுறை எழுதிய வரி இது. ஃபங்ஷன் என்பது ஒரு வேலையைச் செய்யும் கோட் துண்டு, வேரியபிள் என்பது ஒரு மதிப்புக்கு நாம் வைக்கும் பெயர். நேர்முகத் தேர்வுகளில் இதையே சரியான பதிலாகவும் ஏற்றுக்கொண்டிருக்கிறேன். கல்லூரியில் சி மொழி படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இது இயல்பாகவே தோன்றும். அங்கே ஃபங்ஷன் வேலை முடிந்து திரும்பியதும் ஸ்டாக்கில், அதாவது ஓடும் ஃபங்ஷன்களுக்கான தற்காலிக மெமரியில், அதற்கென்று ஒதுக்கிய இடம் போய்விடும், உள்ளே இருந்த சாதாரண வேரியபிள்களும் கூடவே போய்விடும். ஜாவாஸ்கிரிப்டிலும் இப்படி நினைத்துக்கொண்டே வருடக்கணக்கில் வேலை பார்க்கலாம், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாததால்தான் அந்த வரி என்னிடம் இத்தனை நாள் தங்கிவிட்டது. அதை நான் மறுபடி எடுத்துப் பார்க்கக் காரணம் ஒரு சுவர்த் திரை.

ஒரு சரக்குக் கிடங்குக்காகச் செய்த திரை அது. எந்த லாரிக்கு எந்தச் சரக்கு ஏறுகிறது, எது காத்திருக்கிறது என்று காட்டும். காலை ஒன்பது மணிக்குப் போட்டால் இரவு வரை ஓட வேண்டும். 30 விநாடிக்கு ஒருமுறை சர்வரிடமிருந்து புதிய பட்டியலை வாங்கி, பழைய வரைபடத்தை எடுத்துவிட்டுப் புதியதை வரையும். அவ்வளவுதான் வேலை. ஆனால் மாலை நான்கரை, ஐந்து மணி வாக்கில் பிரவுசர் டேப் செத்துப்போய், அந்தச் சோகமுகப் பக்கம் வந்து நிற்கும். அந்த நேரத்தில்தான் லாரிகள் அதிகம். கையில் டோக்கனோடு நிற்கும் ஓட்டுநருக்கு எந்த வாசலுக்குப் போவது என்று தெரியாது. திரைக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டருக்கு மவுஸ் தேடிக் கொண்டுவந்து யாராவது பக்கத்தைத் திறந்து விடுவார்கள்.

நாங்கள் முதலில் செய்தது, எல்லோரும் செய்வதுதான். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் தானாகவே புதிதாகத் திறந்துகொள்ளும்படி ஒரு வரி சேர்த்தோம். டேப் சாவது நின்றது. புகாரும் நின்றது. ஆனால் பக்கம் புதிதாகத் திறக்கும்போது கிடங்கில் இருப்பவர்கள் தேர்ந்தெடுத்து வைத்திருந்த வாசல் எண்ணும் போய்விடும், அவர்கள் மறுபடி ஏறி நின்று அதைத் தேர்வு செய்ய வேண்டும். அதைவிட என்னை உறுத்தியது வேறு. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் அந்தக் கோடைப் படித்துவிட்டு வந்து கேட்டாள்: "அக்கா, நீங்கதானே சொன்னீங்க, ஃபங்ஷன் முடிஞ்சா உள்ள இருக்கிறது எல்லாம் போயிரும்னு? இந்த வரையுற ஃபங்ஷன் ஒவ்வொரு தடவையும் முடிஞ்சுதானே போகுது. அப்புறம் எது சேருது?"

என்னிடம் பதில் இல்லை. "பார்ப்போம்" என்றேன். நான் சொல்லிக்கொடுத்ததை நம்பி அவள் நேராக யோசித்திருக்கிறாள். அந்த யோசனை போய் முட்டி நின்ற இடம் என் வரி.

குப்பையைத் தேடுவதில்லை

தேவையற்றுப்போன மெமரியைத் தானாகவே மீட்டெடுக்கும் பகுதிக்கு இருக்கும் கார்பேஜ் கலெக்டர் என்ற பெயரே நம்மைக் கொஞ்சம் திசைதிருப்பி விடுகிறது. தெருத்தெருவாகக் குப்பையைத் தேடி அள்ளும் வண்டி மாதிரி ஒரு படம் மனதில் வந்துவிடும். உண்மையில் அது குப்பையைத் தேடுவதே இல்லை, உயிரோடு இருப்பதைத்தான் தேடுகிறது. குளோபல் பொருள், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஃபங்ஷன்களின் ஸ்டாக் போன்ற சில இடங்களை வேர் என்று வைத்துக்கொள்ளும். அங்கிருந்து, ஒரு பொருள் இன்னொன்றைச் சுட்டும் ஒவ்வொரு பிடியாகப் பின்தொடர்ந்து போகும். போய்ச் சேர முடிந்த பொருள்களுக்கெல்லாம் அடையாளம் வைக்கும். அடையாளம் விழாத இடம் மறுபடி பயன்பாட்டுக்கு வந்துவிடும். லிஸ்ப் மொழிக்காக ஜான் மெக்கார்த்தி 1960-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இந்த முறை இருக்கிறது. ஐபிஎம் 704 என்ற, இன்றைக்குக் கைக்கடிகாரத்துக்குக்கூடப் போதாத மெமரி கொண்ட இயந்திரத்துக்காக யோசித்தது. அதே 1960-இல் ஜார்ஜ் காலின்ஸ் வேறொரு வழியைச் சொன்னார்: ஒவ்வொரு பொருளையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே வருவது, எண்ணிக்கை பூஜ்ஜியமானால் விட்டுவிடுவது. இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். வெளியிலிருந்து யாருமே அவற்றைத் தொட முடியாத நிலையிலும் இரண்டுக்கும் எண்ணிக்கை ஒன்று என்றே நிற்கும்.

பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 காலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் விளைவு நன்றாகத் தெரியும். அங்கே ஜாவாஸ்கிரிப்ட் பொருள்களுக்கு அடையாளம் வைக்கும் முறை இருந்தது, பட்டன், படம் போன்ற பக்கத்தின் எலிமென்ட்களுக்கு எண்ணும் முறை. ஒரு பட்டனுக்கு ஃபங்ஷனை மாட்டி, அந்த ஃபங்ஷன் அதே பட்டனைப் பிடித்திருந்தால் வளையம் இரண்டு உலகத்துக்கும் நடுவே விழும். யாராலும் அதை அவிழ்க்க முடியாது. வேறு பக்கத்துக்குப் போனாலும் மெமரி திரும்பாது, பிரவுசரையே மூட வேண்டும். இன்றைய பிரவுசர்களில் அந்தத் தொல்லை இல்லை. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் பொருள்கள் வேரிலிருந்து அறுந்துவிட்டால் மொத்தமாகவே போய்விடும்.

குரோமிலும், பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடிலும் இருக்கும் வி8 இன்ஜின் புதிதாகப் பிறக்கும் பொருள்களைத் தனி இடத்தில் வைத்து வேறு விதமாகக் கையாளுகிறது. அது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. வீடு மாற்றுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய வீட்டைக் கூட்டிப் பெருக்கி, எதைத் தூக்கிப் போடலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு புது வீட்டுக்குப் போய்விடும், பழைய வீடு மொத்தமும் காலி என்று அறிவித்துவிடும். பெரும்பாலான பொருள்கள் பிறந்த கொஞ்ச நேரத்திலேயே தேவையற்றுப் போய்விடுவதால், எடுத்துக்கொண்டு போக வேண்டியது சொற்பம். இப்படி இரண்டு முறை வீடு மாறியும் உயிரோடு இருப்பவை பழைய தலைமுறைக்குப் போகும். அங்கே மெக்கார்த்தியின் முறைதான், நிறைய நுணுக்கங்களோடு.

இத்தனையிலும் ஸ்கோப் என்ற சொல் ஒரு இடத்தில்கூட வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கலெக்டருக்கு ஸ்கோப் தெரியாது. ஒரு பெயரை எந்த வரியிலிருந்து எந்த வரி வரை சொல்லலாம் என்பதுதான் ஸ்கோப், அது கோடில் எழுதியிருக்கும் பெயருக்கு உரியது. ஆயுள் பொருளுக்கு உரியது. வேரிலிருந்து கை எட்டுகிறதா என்பது மட்டுமே அதை முடிவு செய்கிறது. ஒரு ஃபங்ஷன் முடிந்தால் பெரும்பாலான பிடிகள் அறுந்துவிடுவதால் இரண்டும் ஒன்று போலத் தெரிகின்றன.

நேர்முகத் தேர்வுகளில் தேய்ந்துபோன ஒரு கேள்வி உண்டு. மூன்று முறை சுற்றும் லூப், உள்ளே, சுற்றின் எண்ணைச் சற்றுத் தாமதித்து அச்சிடும் செட்டைம்அவுட், என்ன அச்சாகும்? வேரியபிளை வார் (var) என்று அறிவித்தால் 3, 3, 3. லெட் (let) என்று அறிவித்தால் 0, 1, 2. எல்லோரும் பதில் சொல்லிவிடுவார்கள். வார் என்றால் முழு ஃபங்ஷனுக்கும் ஒரே வேரியபிள், லெட் என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக ஒன்று என்று விளக்கமும் சொல்வார்கள். ஆனால் லூப் எப்போதோ முடிந்துவிட்டது. லூப் முடிந்த பிறகும் அந்த வேரியபிள் உயிரோடு இருந்தால்தானே அதன் மதிப்பு அச்சாக முடியும்? லெட் விஷயத்தில் மூன்று தனித்தனி வேரியபிள்கள் காத்துக்கொண்டிருக்கின்றன. பிளாக்கின் அடைப்புக்குறி மூடியதும் அவை போய்விடவில்லை. ஆயுளைப் பற்றிய இந்தக் கேள்வியை ஸ்கோப் பற்றிய கேள்வியாகவே நானும் இத்தனை வருடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிடித்திருந்தது யார்

ஒரு சனிக்கிழமை மதியம் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். 30 விநாடிக்குப் பதில் ஒரு விநாடிக்கு ஒருமுறை வரையும்படி மாற்றினோம். கிடங்கில் ஒரு மணி நேரத்தில் நடப்பது இரண்டு நிமிடத்தில் நடந்துவிடும். குரோம் டெவ்டூல்ஸில் மெமரி பக்கத்துக்குப் போய் ஒரு ஹீப் ஸ்னாப்ஷாட், அதாவது மெமரியில் அப்போது இருக்கும் பொருள்களின் பதிவு, எடுத்துக்கொண்டோம். 120 முறை வரையவிட்டு இன்னொன்று எடுத்தோம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால், 120 பட்டியல்கள் கூடியிருந்தன. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒன்றரை எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 180 எம்பி என்றால் எட்டு மணி நேரத்தில் 1,440. நான்கு ஜிபி மெமரியில் எல்லாவற்றையும் ஓட்டும் அந்தச் சின்னக் கம்ப்யூட்டருக்கு அது தாங்காது. கணக்கு சரியாகப் பொருந்தியது.

சரி, பிடித்திருப்பது யார்? ஸ்னாப்ஷாட்டில் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தால் கீழே ரிடெய்னர்ஸ் என்று ஒரு பகுதி வரும். அந்தப் பொருளிலிருந்து வேர் வரை, யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்று வரிசையாகச் சொல்லும். பட்டியலைப் பிடித்திருந்தது ஒரு கான்டெக்ஸ்ட், அதாவது வேரியபிள்களை வைத்திருக்கும் ஓர் இடம். அந்தக் கான்டெக்ஸ்டைப் பிடித்திருந்தது ஒரு ஃபங்ஷன். அந்த ஃபங்ஷனைப் பிடித்திருந்தது விண்டோ, பிரவுசரின் குளோபல் பொருள். ஃபங்ஷனின் பெயரைப் பார்த்தோம். விண்டோவின் அளவு மாறினால் வரைபடத்தின் அகலத்தைச் சரிசெய்யும் ஃபங்ஷன் அது. மொத்தம் மூன்று வரி. வரைபடம் இருக்கும் இடத்தின் ஐடி ஒன்றைத்தான் பயன்படுத்துகிறது. பட்டியலின் பெயர்கூட அதில் வராது.

இருவரும் அந்த மூன்று வரியைத் திரும்பத் திரும்பப் படித்தோம். "இதுக்கு அந்த லிஸ்ட் இருக்கிறதே தெரியாதே அக்கா" என்றாள்.

அந்தச் சின்ன ஃபங்ஷன் ஒவ்வொரு முறை வரையும்போதும் விண்டோவில் புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டிருந்தது என்பது உடனே புரிந்துவிட்டது. பக்கம் ஒரே முறை வரைந்துவிட்டு நிற்கும் காலத்தில் எழுதிய கோட் அது. அப்போது அது சரிதான். பின்னால் 30 விநாடிப் புதுப்பித்தல் சேர்ந்தபோது யாரும் இதைக் கவனிக்கவில்லை. ஆனால் மூன்று வரி ஃபங்ஷன்கள் ஆயிரம் சேர்ந்தாலும் மெமரியில் அது ஒரு பொருட்டே இல்லை. ஒன்றரை எம்பி எப்படி அதோடு ஒட்டிக்கொண்டது?

அதே வரையும் ஃபங்ஷனுக்குள் இன்னொரு உள் ஃபங்ஷன் இருந்தது. வரைபடத்தின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் அந்த லாரியின் விவரத்தைக் காட்டுவது. அது பட்டியலைப் பயன்படுத்துகிறது. ஆனால் அது பழைய வரைபடத்தின் எலிமென்டில் மாட்டியிருந்தது, பழைய வரைபடத்தை எடுத்தபோது அதுவும் போய்விட்டது. ஸ்னாப்ஷாட்டில் தேடிப் பார்த்தோம், இல்லை. பட்டியலைப் பயன்படுத்தியவர் போய்விட்டார். பட்டியலைத் தொடாதவர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

விவரம் காட்டும் அந்த ஃபங்ஷனைக் கமென்ட் செய்து, அதாவது கோடில் செயல்படாதபடி முடக்கிவிட்டு, மறுபடி 120 முறை வரையவிட்டோம். மெமரி ஏறவே இல்லை. லிஸனர்கள், அதாவது விண்டோவில் மாட்டிய அந்த மூன்று வரி ஃபங்ஷன்கள், பழையபடி சேர்ந்துகொண்டுதான் இருந்தன, ஆனால் பட்டியல்கள் போய்விட்டன. திரும்பச் சேர்த்தோம், ஏறியது. மவுஸை ஒருமுறைகூட அந்தப் பக்கம் கொண்டுபோகாமல், அதாவது அந்த ஃபங்ஷன் ஒருமுறைகூட ஓடாமல் பார்த்தோம். அப்போதும் ஏறியது.

ஒரே சாவிக்கொத்து

வி8 ஒரு ஃபங்ஷனின் கோடைப் படிக்கும்போதே, அதிலுள்ள எந்தெந்த வேரியபிளை உள் ஃபங்ஷன்கள் பயன்படுத்துகின்றன என்று பார்த்துவிடும். யாரும் தொடாதவை ஸ்டாக்கிலோ ரெஜிஸ்டரிலோ இருந்துவிட்டு ஃபங்ஷனோடு போய்விடும். என் பலகை வரி இவற்றுக்கு மட்டும் பொருந்தும். உள் ஃபங்ஷன் ஏதாவது ஒன்று தொட்டால்கூட, அந்த வேரியபிளுக்கு, ஃபங்ஷன் முடிந்தாலும் நிற்கும் மெமரியான ஹீப்பில் இடம் கிடைக்கும். அந்த இடத்துக்குத்தான் கான்டெக்ஸ்ட் என்று பெயர். ஒரு ஸ்கோப்புக்கு ஒரே ஒரு கான்டெக்ஸ்ட். அந்த ஸ்கோப்பில் பிறக்கும் எல்லா உள் ஃபங்ஷன்களும் அதே ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ளும். வீட்டுச் சாவி, பீரோ சாவி, வண்டிச் சாவி மூன்றும் ஒரே கொத்தில் இருந்தால், வண்டிச் சாவி மட்டும் வேண்டும் என்பவரும் மூன்றையும் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். அகலத்தைச் சரிசெய்யும் ஃபங்ஷனுக்கு வேண்டியது அந்த ஐடி. அது இருந்த கொத்தில் பட்டியலும் இருந்தது. பட்டியலைக் கொத்தில் கோத்தது பக்கத்தில் பிறந்த வேறொரு ஃபங்ஷன்.

இது புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. 2013-இல் மீட்டியோர் என்ற வெப் ஃப்ரேம்வொர்க்கை எழுதியவர்கள் இதே பகிர்வால் வந்த லீக்கை, அதாவது விடுபடாமல் சேர்ந்துகொண்டே போகும் மெமரியை, விரிவாக எழுதியிருக்கிறார்கள். அவர்களுடையதில் எங்கும் கூப்பிடாத ஒரு உள் ஃபங்ஷன் முந்தைய பொருளைக் கான்டெக்ஸ்டுக்குள் இழுத்துவிடும், புதிய பொருளின் மெத்தட் அந்தக் கான்டெக்ஸ்டைப் பிடித்துக்கொள்ளும், இப்படியே சங்கிலியாக நீளும். எனக்கு அதைப் படித்த ஞாபகம்கூட இருந்தது. படித்தது வேறு, நம் கோடில் நம் கண்ணெதிரே ரிடெய்னர்ஸ் வரிசையாகப் பார்ப்பது வேறு.

அன்று முதலில் எனக்கு இன்ஜின் மேல்தான் கோபம் வந்தது. ஒவ்வொரு உள் ஃபங்ஷனுக்கும் அதற்கு வேண்டியதை மட்டும் தனியாகக் கொடுத்திருக்கலாமே? கொஞ்சம் யோசித்தால் அது எளிதில்லை என்று தெரிகிறது. இரண்டு உள் ஃபங்ஷன்கள் ஒரே வேரியபிளைப் பகிர்ந்துகொண்டால், ஒன்று மாற்றியது மற்றொன்றுக்குத் தெரிய வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு வேரியபிளுக்கும் ஹீப்பில் தனித்தனிப் பெட்டி வேண்டும், ஒவ்வொரு ஃபங்ஷனும் பல பெட்டிகளைச் சுமக்க வேண்டும். இப்படி வெளி வேரியபிள்களைப் பிடித்திருக்கும் ஃபங்ஷன்கள், அதாவது குளோஷர்கள், பல்லாயிரம் பிறந்து சாகும் பக்கங்களில் அந்தச் செலவு எல்லோர் தலையிலும் விழும். இன்னொன்றும் இருக்கிறது. மொழியின் வரையறை ஸ்கோப்பை ஒரு முழுச் சூழலாகத்தான் பார்க்கிறது, உள் ஃபங்ஷன் அந்தச் சூழலைப் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்கிறது. அதை அப்படியே செய்திருந்தால் யாரும் தொடாத வேரியபிள்களும் கூடவே தங்கியிருக்கும். வி8 அவற்றைக் கழித்துவிடுவது அதிகப்படியான உதவி. ஒரு சரத்தையே கோடாக ஓட்டும் ஈவலை ஸ்கோப்புக்குள் நேரடியாகக் கூப்பிட்டால் அந்த உதவியும் நின்றுவிடும், எந்தப் பெயர் தேவைப்படும் என்று முன்கூட்டித் தெரியாது என்பதால் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள வேண்டியதாகிவிடும். இதையெல்லாம் அவளுக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே என் கோபம் தணிந்துவிட்டது.

தீர்வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அகலத்தைச் சரிசெய்யும் ஃபங்ஷனை வரையும் ஃபங்ஷனுக்கு வெளியே எடுத்து, பக்கம் திறக்கும்போது ஒரே முறை மாட்டினோம். விவரம் காட்டும் ஃபங்ஷனையும் வெளியே எடுத்து, முழுப் பட்டியலுக்குப் பதில் அந்த ஒரு லாரியின் விவரத்தை மட்டும் கொடுத்தோம். வரைபடத்தோடு வந்து போக வேண்டிய மற்ற லிஸனர்களுக்கு அபார்ட் கன்ட்ரோலரின் சிக்னலைக் கொடுத்தோம், அடுத்த முறை வரையும் முன் அபார்ட் சொன்னால் எல்லாம் ஒன்றாகக் கழன்றுவிடும். வீக்ரெஃப் போடலாமா என்று அவள் கேட்டாள். 2021 பதிப்பில் மொழிக்குள் வந்தது, பொருளைப் பிடிக்காமலே அதைச் சுட்ட உதவும். வேண்டாம் என்றேன். கலெக்டர் எப்போது வரும், வருமா என்பதற்கு மொழி எந்த உறுதியும் தருவதில்லை. ஒரு வரைபடத்தின் பட்டியல் எப்போது தேவையற்றுப் போகிறது என்பதோ எங்களுக்கு நன்றாகவே தெரியும், அடுத்தது வரும் கணம். நமக்குத் தெரிந்த முடிவை நாமே எழுதிவிடுவதுதான் நல்லது. ஒரு பொருளோடு கூடுதல் தகவல் சேர்த்து வைக்க வேண்டும், அந்தப் பொருள் போனால் தகவலும் போக வேண்டும் என்றால் வீக்மேப் நல்ல வழி. இங்கே அதுவும் தேவைப்படவில்லை.

ஃபங்ஷனின் கடைசியில் எல்லா வேரியபிளுக்கும் நல் (null, வெற்று மதிப்பு) போட்டு வைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். யாரும் பிடிக்காத வேரியபிளுக்கு அது வீண் வேலை. டிலீட் போட்டால் மெமரி உடனே திரும்பும் என்று நினைப்பவர்களும் உண்டு, அது ஒரு பொருளிலிருந்து ஒரு பண்பை நீக்குகிறது, அவ்வளவுதான். இப்போது கோட் படிக்கும்போது என் கண் வேறு இடத்துக்குப் போகிறது. நீண்ட நாள் வாழும் ஒன்றிடம், விண்டோவோ டைமரோ மாட்யூலின் மேல் மட்டத்தில் இருக்கும், தகவல்களைச் சேர்த்து வைக்கும் மேப்போ, யாராவது ஒரு ஃபங்ஷனைக் கொடுக்கிறார்களா? கொடுத்தால் அந்த ஃபங்ஷன் எங்கே பிறந்தது, அதே இடத்தில் கூடப் பிறந்தவை எவை என்று பார்க்கிறேன்.

திங்கட்கிழமை புதிய கோடைக் கிடங்குத் திரையில் போட்டோம். நான்கு மணி நேரப் புதுப்பித்தல் வரியை அன்றைக்கு மட்டும் கமென்ட் செய்து வைத்தோம். மெமரி வரைபடம் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கிக்கொண்டே போனது, ஆனால் பற்களின் அடி ஒரே மட்டத்தில் நின்றது. ஐந்து மணிக்கு அவள் கிடங்குக்குப் போன் செய்து திரை ஓடுகிறதா என்று கேட்டாள். ஓடுகிறது என்றார்கள். ஏழு மணிக்கும் கேட்டாள். அந்தக் கமென்ட் வரியை மூன்று வாரம் கழித்து அவளே கோடிலிருந்து எடுத்தாள்.